கை தூக்கிய பாட்டாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

நாடகம் நல்லபடியாக நடந்து முடிந்தது. என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று மறுபடி எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எங்கள் நாடகக் கொட்டகை போய், நாடகப் பிரதியும் நனைந்துபோன பிறகும் பிள்ளைகள் அரிதாரம் பூசி மேடையேறினார்கள் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். ஆறப்போட்டால் நன்றி என்பது வெறும் சம்பிரதாயமாகிவிடும். அதனால் மனசு அடங்குவதற்கு முன்னாலேயே எழுதுகிறோம்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அவர் பாட்டா, அதாவது தாத்தா.

குமரிக் கடற்கரையில் முட்டம் பக்கத்து வலை பின்னும் கூடத்தைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுத்தது மீனவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஏறத்தாழ 60 அடி நீளம், மேலே தகரம், பக்கச்சுவர் கிடையாது. ஒரு முனையில் 24-க்கு 18 அடி அளவில் சுண்ணாம்புக் கட்டியால் மேடை வரைந்தோம். மறுமுனையில் பாட்டா கிழிந்த கண்ணிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எந்த உதவியும் கேட்கவில்லை. ஒரு மாலை, ஒரு பிள்ளை வசனம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, குனிந்த தலை நிமிராமலே ஊசி பிடித்த கையை மேலே தூக்கினார். பிள்ளை திரும்பச் சொன்னதும் கையை இறக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. கேட்காவிட்டால் கை மேலே, கேட்டால் கை கீழே. நன்றாயிருக்கிறது என்றோ சரியில்லை என்றோ அவர் சொன்னதே இல்லை. “நாடகமெல்லாம் எனக்குத் தெரியாது மக்களே, கேக்கா கேக்கலியான்னு மட்டும் சொல்லுதேன்” என்பார்.

இதைச் சின்ன உதவி என்று யாராவது நினைத்தால், நடிப்புப் பயிற்சியில் அது எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

அந்தக் கை எந்த இடத்தில் மேலே போகிறது என்பதைப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தோம். பக்கம் பக்கமாகப் பார்த்தால் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் குறி விழுந்திருந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் அங்கேதான் இருக்கிறது, கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. ‘நான் உங்ககூட வரமாட்டேன்’ என்பதில் ‘வர’ வரைக்கும் தெளிவாகக் கேட்கும், ‘மாட்டேன்’ அலைச்சத்தத்தோடு போய்விடும். கடைசி வரிசையில் இருப்பவர் அவள் வருகிறாள் என்று நினைத்துக்கொள்வார், கதையே மாறிவிடும். மூச்சு தீர்ந்துபோவதுதான் காரணம். எடுத்த மூச்சின் பெரும்பகுதியை முதல் இரண்டு சொல்லிலேயே செலவழித்துவிட்டு, மிச்சத்தில் வினையைத் தள்ளுகிறார்கள். சொல்பவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். அதனால் மனசு முன்னாலேயே ஓடிவிடும், வாய் மட்டும் பின்னால் வரும்.

இதற்குச் சத்தம் போடச் சொல்வது மருந்தில்லை. முதலில் மூச்சு. இரண்டு கையையும் இடுப்புக்கு மேல், கீழ் விலாவில் வைத்துக்கொண்டு, தோள் உயராமல் 4 எண்ணிக்கைக்கு உள்ளே இழுக்க வேண்டும். விலா பக்கவாட்டில் விரிவது கைக்குத் தெரியும். பிறகு ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக வெளியே விட வேண்டும், ஆரம்பத்தில் 12 எண்ணிக்கை போதும். போகப்போக 20 வரும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் செய்யக்கூடாது. அடுத்ததாகப் பிரதியில் எங்கே மூச்செடுப்பது என்று கோடு போட வேண்டும். நீளமான வசனத்தில் கடைசிச் சொற்றொடருக்கு முன்னால் ஒரு கோடு கட்டாயம். பிறகு வசனத்தைப் பின்னாலிருந்து பழக வேண்டும். முதலில் கடைசிச் சொல் மட்டும், பிறகு அதற்கு முந்தியதையும் சேர்த்து, பிறகு முழுதும். இப்படிப் பழகினால் வாக்கியம் போகப்போக உறுதியாகுமே தவிரத் தளராது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். அலை இரைச்சல் ஓயாத ஒரே இரைச்சல், அது மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடும். உயிரெழுத்து கேட்கும், ச, த, ப எல்லாம் கரைந்துபோகும். ஆள் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. அங்கே குரலைக் கூட்டினால் உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும். ஒற்றுகளை அழுத்தி, பாதி வேகத்தில் சொல்லிப் பழகி, பிறகு வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுவதுதான் வழி. எதிரில் நின்று கேட்கிறவர் 10 அடியில் தொடங்கி ஒவ்வொரு வசனத்துக்கும் இரண்டு எட்டு வைத்துப் பின்னால் போக வேண்டும். கேட்காத இடத்தில் நிற்க வேண்டும், அங்கிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

தொண்டையை இறுக்கிக் கத்துகிற பிள்ளைக்கு மறுநாள் குரல் கட்டும். அன்றைக்குக் குசுகுசுவென்று பேசுவதும் கெடுதல்தான், பேசாமலிருப்பதே நல்லது. பயிற்சிக்கு முன் மூன்று நான்கு நிமிடம் வாயை மூடி ‘ம்ம்’ என்று தாழ்ந்த சுருதியில் முனகினால் குரல் தயாராகும். 13, 14 வயதுப் பையன்களுக்கு மகரக்கட்டு வரும் நேரம், அதாவது குரல் உடைந்து மாறும் நேரம். பழைய உச்சத்தில்தான் பேச வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தவே கூடாது. பாத்திரத்தின் குரலை இறக்கிவிட்டால் போயிற்று.

இவ்வளவும் குரல் விஷயம்தானே, இதில் ஒரு பிள்ளை மனுஷராக வளர்வது எங்கே என்று கேட்கலாம். அந்தக் கையில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம். ‘கேக்கல, சத்தமா சொல்லு’ என்று அதட்டும்போது பிள்ளையின் தோள் முன்னால் குவிகிறது, மோவாய் கீழே போகிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. குரல் இன்னும் தாழ்கிறது. திரும்ப அதட்டு விழுகிறது. நாடகப் பயிற்சி பலரைத் தைரியசாலி ஆக்கியிருக்கிறது. அதே பயிற்சி வாழ்நாள் முழுக்க மேடைப்பக்கமே வராதபடி சிலரை ஆக்கியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் திருத்துகிற முறைதான். பாட்டாவின் கை பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, வசனத்தைப் பற்றி மட்டும் சொன்னது. சரிசெய்ய முடிகிற ஒன்றை, நடந்த அந்த நொடியிலேயே, அவமானம் கலக்காமல் காட்டியது. சொல்வது என் வேலை, கேட்பது அவர் வேலை என்று நினைத்திருந்த பிள்ளைகள், கேட்கப்படும்போதுதான் சொன்ன வேலை முடிகிறது என்று புரிந்துகொண்டார்கள். இது வீட்டில் அம்மாவிடம் பேசுவதற்கும் ஆகும், வேலைக்கான நேர்காணலுக்கும் ஆகும்.

மைக் இல்லாத காலத்தில் நம் நாடகம் முழுக்க இந்தக் கடைசி வரிசைக்காகத்தான் நடந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியில் சிறுவர்களே எல்லா வேஷமும் கட்டினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பழகியவர்கள். அவர்கள் பிறகு நடத்திய சபையில் சேர்ந்துதான் நம் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடிகரானார். அந்தக் கம்பெனிகளின் கண்டிப்பு முழுவதையும் நாம் போற்ற வேண்டியதில்லை. குழந்தைகளை வீட்டைவிட்டுப் பிரித்து வைத்த முறை அது. ஆனால் தரை டிக்கெட்டுக்காரருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்ற அவர்களுடைய பிடிவாதம் நமக்கு வேண்டும்.

பாட்டாவைப் பார்த்துப் பிள்ளைகள் வேறொன்றும் பழகினார்கள், கேட்பது. புதிதாக நடிக்க வருகிறவர் எதிராளி பேசும்போது கேட்பதில்லை. தன் முறை எப்போது என்று கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பார். முகம் வெறுமையாக இருக்கும், அல்லது எதிராளியின் வசனத்துக்கு உதடு அசையும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பதில் சொல்வதற்கு முன், எதிராளி சொன்னதைத் தன் சொல்லில் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் தன் வசனத்துக்குப் போக வேண்டும். முதலில் காட்சி இழுத்துக்கொண்டே போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். சில சுற்றுக்குப் பிறகு அந்த வரியை எடுத்துவிட்டாலும் கேட்கிற முகம் தங்கிவிடும்.

கூச்சப்படுகிற பிள்ளைக்கு முதல் நுழைவிலேயே வசனம் கொடுக்காதீர்கள், வேலை கொடுங்கள். தண்ணீர்க்குடத்தை இறக்கி வைப்பது, விளக்கைத் துடைத்துத் திரி போடுவது, பாயைச் சுருட்டுவது. கைக்கு வேலை இருந்தால் ‘கையை எங்கே வைப்பது’ என்ற தவிப்பு இராது, கண் பார்வையாளரைத் தேடாது. குடம் காலியாக இருக்கக்கூடாது, பாதியாவது தண்ணீர் இருக்க வேண்டும். காலிக்குடத்தைக் கனமாகத் தூக்குவது போல் காட்டுவது தேர்ந்த நடிகருக்கே சிரமம். நெஞ்சு படபடப்பது நின்றுபோகும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், நிற்காது. படபடப்போடு வேலை செய்ய முடியும் என்பதைத்தான் மேடை கற்றுத்தருகிறது.

வசனம் மறந்தால் மேடை ஓரத்தைப் பார்க்கக்கூடாது. மூச்சை முழுதாக வெளியே விட்டு, எதிரில் நிற்பவரைப் பார்த்து, பாத்திரத்துக்கு இப்போது என்ன வேண்டுமோ அதைத் தன் சொல்லில் கேட்க வேண்டும். எதிரில் நிற்பவருக்கும் அதில் பங்கு உண்டு. ‘நீ சந்தைக்குப் போனியே, என்ன ஆச்சு?’ என்று ஒரு கேள்வி போட்டால் கதை பழைய தடத்துக்கு வந்துவிடும். அதற்காகத்தான் தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யாமல் முழுக் காட்சியையும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். அன்று இரவு மேடையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை இப்படித்தான் தூக்கிவிட்டது. பார்த்தவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது.

அழுகிற வேஷம், அடிவாங்குகிற வேஷம் கட்டிய பிள்ளைகளை முடிந்த கையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று பெற்றோர்களிடம் கேட்டுக்கொண்டோம். தேங்காயெண்ணெய் தொட்டு முகச்சாயத்தைத் துடைத்து, உடை மாற்றி, ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொஞ்சநேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும். நடுராத்திரி ஆகியும் பொறுமையாகக் காத்திருந்த பெற்றோர்களுக்கு நன்றி.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நனைந்துபோன பிரதியைப் பக்கம் பக்கமாக உலர்த்தி, படித்துப் பார்த்துத் திரும்ப எழுதித்தந்த ஆசிரியைகள். நாகர்கோவிலில் கூலி வாங்காமல் உடைகளைப் பிரித்துத் தைத்த அண்ணாச்சி. தோவாளையிலிருந்து வந்த பூ. தினமும் மட்டிப்பழமும் சுக்குக்காப்பியும் கொண்டுவந்த அக்காமார். பெஞ்சு தந்த கோயில்காரர்கள், ஜெனரேட்டர் தந்த தேவாலயப் பங்குமக்கள், ஸ்பீக்கர் கட்டித்தந்த பள்ளிவாசல் பக்கத்துத் தம்பிகள். வில்லடிச்சான்பாட்டுக் குடத்தை எங்களை நம்பி இரவல் கொடுத்த கலைஞர். கடைசிப் பேருந்து போன பிறகு பிள்ளைகளை வீடு சேர்த்த ஆட்டோக்காரர்கள். ஒவ்வொருவர் வாசலுக்கும் வந்து சொல்வோம்.

இனி எங்கள் பங்கு. புதிய கொட்டகை வந்தாலும் வாரத்தில் ஒருநாள் மைக் இல்லாமல் கடற்கரையில்தான் பயிற்சி. ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து கை தூக்குவார். அந்த வேலை முறை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். ஒரு நாடகத்தில் முக்கிய வேஷம் கட்டியவர் அடுத்ததில் திரை இழுப்பார் அல்லது பொருட்களுக்குப் பொறுப்பேற்பார். ஒரே பிள்ளையை எப்போதும் ராஜாவாக நிறுத்தினால் அந்தப் பிள்ளையும் வளராது, சேவகனாகவே நின்ற பிள்ளையும் வளராது. பயிற்சியில் யாரும் யாரையும் அதட்டக்கூடாது. இதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு சின்ன வேண்டுகோள். இரவல் வாங்கிய பொருட்களில் இரண்டு ஜமுக்காளம், ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, நீலக்கரை போட்ட ஒரு வேட்டி யாருடையது என்று தெரியவில்லை. துவைத்து, துலக்கி வைத்திருக்கிறோம். மாலை ஐந்து மணிக்குமேல் வலை பின்னும் கூடத்துக்கு வந்தால் அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். வரும்போது வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அடுத்த நாடகத்துக்கு ஆள் வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
நாடகக் குழுவினர்