துலூஸ் முதல் பொலோஞா வரை: ஒரு நன்றி மடல்

இயேசுவுக்கே புகழ்!

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. வடியட்டும் என்று காத்திருந்தால் நன்றி சொல்வது நாள் தள்ளிப் போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நம் பெரியவர்கள் சாமிநாதர் என்று அழைக்கும் புனித தோமினிக், தோமினிக்கன் சபை எனப்படும் போதகர் சபையைத் தொடங்கிய இடங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு இருபது வருட ஆசை. பிரெஞ்சு தெரியாது, இத்தாலியன் தெரியாது. வழி நெடுக உங்களைப் போன்றவர்கள் கை கொடுத்ததால் போய்வந்தேன்.

பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் செய்லாவின் வீட்டைக் காட்டிய அம்மா, முதல் நன்றி உங்களுக்குத்தான். பார்வை நேரம் முடிந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். எங்கிருந்து வருகிறேன் என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் சாவியைத் திருப்பினீர்கள். 1215-ல் அந்த ஊர்க்காரரான செய்லா தன் வீடுகளை தோமினிக்கிடம் ஒப்படைத்துவிட்டுத் தானும் சகோதரராகச் சேர்ந்துகொண்டார். சபை என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, நான்தான் சபையை என் வீட்டில் சேர்த்துக்கொண்டேன் என்று பின்னாளில் சொல்வாராம். அந்தச் சுவரில் கை வைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் சபையை உறுதி செய்தது 1216 டிசம்பர் 22-ல். ஆனால் என் மனசுக்கு சபை பிறந்த இடம் அந்த வீடுதான்.

அடுத்து ஃபான்ஜோ குன்றிலிருந்து, பெண் துறவிகளின் மடம் இருக்கும் புரூய்க்கு நடந்தே இறங்கலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் மழை, காலும் மடங்கிக்கொண்டது. வேனை நிறுத்தி ஏற்றிக்கொண்ட அண்ணன் பெயரைக்கூடச் சொல்லாமல் மடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அண்ணா, யாராவது இதை உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

புரூய் அருட்சகோதரிகளுக்கு என்ன சொல்வது! ஆண் துறவிகளின் சபை உருவாவதற்குக் கிட்டத்தட்ட பத்து வருடம் முன்னாலேயே, திருச்சபை தவறென்று ஒதுக்கிய கத்தார் (Cathar) கொள்கையை விட்டு வந்த பெண்களை தோமினிக்கும் அவருடைய ஆயர் தியேகோவும் ஒன்றுசேர்த்த இடம் அது. இந்தச் சபையின் மூத்த பிள்ளைகள் பெண்கள் என்பதை நம் பிரசங்கங்களில் ஏனோ சொல்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பழைய மடம் பிரெஞ்சுப் புரட்சியில் அழிந்து, 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றவனுக்குச் சூடாக சூப் கொடுத்து, வயதான சகோதரி ஒருவர் தன் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தேன், வாங்கவே இல்லை. 1217-ல், சகோதரர்கள் கைவிட்டு எண்ணும் அளவே இருந்தபோது, தோமினிக் இதே புரூயிலிருந்துதான் அவர்களைப் பாரிசுக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பிவிட்டார். துலூஸ் ஆயர் ஃபூல்க் உட்படப் பலர் தடுத்தார்கள். குவித்து வைத்த தானியம் கெட்டுப்போகும் என்பதுதான் தோமினிக் சொன்ன பதில்.

இத்தாலியின் பொலோஞாவில் இரண்டு இரவு தங்க இடம் கொடுத்து, என் காலுக்கு மருந்தும் போட்டுவிட்ட கேரளத்து செவிலியர் குடும்பத்துக்கு மனமார்ந்த நன்றி. சேச்சி, அந்தக் கஞ்சியின் ருசி நாக்கிலேயே நிற்கிறது. மறுநாள் தோமினிக்கின் கல்லறைக்கு நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். 1221 ஆகஸ்ட் 6 அன்று தோமினிக் இறந்தது சகோதரர் மொனேத்தாவின் படுக்கையில், மொனேத்தாவின் அங்கியோடு. சொந்தமாகப் படுக்கை இல்லை, மாற்று அங்கியும் இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பளிங்குக் கல்லறை முன்னால் வெகுநேரம் முழங்காலில் இருந்தேன்.

புரூய் சகோதரி, சால்வையைத் துவைத்து நிழலில் காயவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பார்சலில் அனுப்புகிறேன், கூடவே எங்கள் பங்கில் அன்பியம் என்னும் அக்கம்பக்கத்துச் சிறு குழுவின் பெண்கள் உங்களுக்காகக் கோத்த செபமாலையும் வரும்.