பட்டியலில் பெட்டியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டு ஒலிப்பதிவுக்கு டிஜிட்டல் ஆம்ப் மாடலர் (பலவகை கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை நகல் செய்யும் கருவி) வாங்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கிட்டாருக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்களே என்ற சந்தோஷத்தில். இரண்டாம் முறை, கையில் பென்சிலோடு. நடுவில் ஓர் அட்டவணை. எந்தக் கருவிக்குள் எத்தனை ஆம்ப், எத்தனை எஃபெக்ட், எத்தனை பிரீசெட் (சேமித்துவைத்த ஒலி அமைப்பு) என்று எண்ணி, அதிகம் உள்ளதை மேலேயும் குறைவானதைக் கீழேயும் அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். அதை நம்பி ஒருவர் வாங்கினால், நான் ஏழு மாதம் பட்ட பாட்டை அவரும் படுவார். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டிக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி வரும் இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். பகல் முழுக்க தாமிரக் கம்பி, வார்னிஷ் வாசம். ராத்திரி வீடு அடங்கியபிறகு கிட்டார். மேடை ஏறியதில்லை. நானே வாசித்து, நானே பதிவு செய்து, நானே கேட்டுக்கொள்கிற ரகம். தொழில் புத்தியோ என்னவோ, கிட்டாரில் என்னை முதலில் இழுத்தது, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்தான். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற கம்பி, சிங்கிள் காயில் என்றால் ஏறக்குறைய 7,000, 8,000 சுற்று. பட்டறையில் யாராவது அதைக் கையால் கட்டித் தரச் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

வால்வு ஆம்பை வீட்டில் முழு மூச்சில் வைத்து வாசிக்க முடியாது என்று கட்டுரை சொன்னது சரி. ஆனால் அதே மூச்சில், சின்னதாக 5 வாட் வால்வு ஆம்ப் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வரி வருகிறது. தீராது. காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். அந்தக் கணக்கில் 5 வாட் என்பது 50 வாட் ஆம்பின் பாதிச் சத்தம். ராத்திரி பதினொரு மணிக்குப் பாதிச் சத்தமே போதும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட. என்னைப் போன்றவர்கள் மாடலருக்கு வந்து சேர்வது இதனால்தான்.

என் கதைக்கு வருகிறேன். நானும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஃபெண்டர் ஜாதியில் நாலைந்து, மார்ஷல் ஜாதியில் நாலைந்து, வாக்ஸ், அதற்குமேல் பெயரே கேள்விப்படாத ஆம்ப்கள் என்று உள்ளே ஒரு கிடங்கே இருந்தது. யு.எஸ்.பி. வயரைக் கணினியில் செருகி, பதிவு மென்பொருளைத் திறந்து வாசித்தேன். சத்தம் மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆம்ப் சரியில்லை போல என்று அடுத்த ஆம்புக்குப் போனேன். அதுவும் அப்படியே. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. டிரெபிளை ஏற்றினால் காது கூசியது, மங்கல் போகவில்லை. வாரத்துக்கு ஓர் ஆம்ப் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். கதவோரம் நின்று கேட்ட மகள் ஒருநாள், "என்னப்பா, கிட்டாருக்கு ஜலதோஷமா?" என்றாள். கிட்டார் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நோய் மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஏழாவது மாதம், வேறெதையோ அணைக்கப்போய், மென்பொருளில் நான் போட்டுவைத்திருந்த ஐ.ஆர். லோடரை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியை நகல் செய்யும் துணை மென்பொருள்) அணைத்துவிட்டேன். ஆறு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. நடந்தது இவ்வளவுதான். மாடலருக்குள் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் கொடுத்தாரே என்று நான் கணினியில் இன்னொரு பெட்டியை அதன் தலையில் ஏற்றியிருந்தேன். பெட்டிக்குள் பெட்டி. குற்றம் கருவியுடையதல்ல, என்னுடையது. ஆனால் அந்த ஏழு மாதமும் என் கண் ஆம்ப் பட்டியலைவிட்டு அகலாததற்குக் காரணம், உங்கள் அட்டவணை போன்ற ஒன்றைப் படித்துவிட்டு வாங்கியதுதான்.

ஆம்ப், ஆம்ப் என்று நாம் சொல்வது பாதிச் சமாச்சாரம். மீதிப் பாதி ஸ்பீக்கர், அது உட்கார்ந்திருக்கும் மரப்பெட்டி, அதன் முன்னால் வைக்கிற மைக். கிட்டார் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் மாதிரி நேர்மையானதல்ல. 12 அங்குலக் காகிதக் கூம்பு, சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கைவிரித்துவிடும். அந்தக் குறைதான் நமக்கு வேண்டியது. டிஸ்டார்ஷன், அதாவது ஆம்பின் கரகரப்பு, கிளப்புகிற மேல்சுரங்களையெல்லாம் அந்தக் காகிதம் வடிகட்டிவிடுகிறது. வடிகட்டாமல் நேரே பதிவு செய்தால் தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட சத்தம். இரண்டு முறை வடிகட்டினால் என் ஜலதோஷம்.

மாடலரில் இந்தப் பெட்டியின் இடத்தில் இருப்பதுதான் ஐ.ஆர்., அதாவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர், ஒரு குறிப்பிட்ட மைக், அந்த மைக் நின்ற ஒரே ஓர் இடம், மூன்றும் சேர்ந்து ஒலியை என்ன செய்கின்றன என்பதன் அச்சு. கோப்பாகப் பார்த்தால் ஒரு நொடிகூட ஓடாத வேவ் கோப்பு. பல கருவிகள் அதில் 1,024 அல்லது 2,048 சாம்பிள், அதாவது ஒலியின் அளவுப் புள்ளிகள், மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 அல்லது 43 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. டோனின் முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது என்பது என் கட்சி. கருவியை முயன்று பார்க்கப் போகிறவர்கள் ஒரே ஓர் ஆம்பை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். பிறகு ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு ஆம்பை மாற்றட்டும். எது அதிகம் மாறுகிறது என்று காதே சொல்லும். மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு விரல் நகர்த்தினாலே கூர்மை போய்க் கனம் வந்துவிடும். 1965-இல் வந்த ஷுர் எஸ்.எம். 57 மைக்கை இன்றும் ஸ்பீக்கர் துணியை ஒட்டி வைத்து, ஒரு நகக்கண் இப்படி, ஒரு நகக்கண் அப்படி என்று ஆட்கள் மல்லுக்கட்டுவது சும்மா இல்லை.

ஆகவே அட்டவணையில் நான் தேடிய கட்டங்கள் வேறு. வெளியிலிருந்து நம் ஐ.ஆர். ஏற்ற முடியுமா? ஒரு வழியில் பெட்டியோடும் இன்னொரு வழியில் பெட்டி இல்லாமலும் ஒலியை அனுப்புமா? மிக முக்கியமாக, யு.எஸ்.பி. வழியாக டிரை டிராக்கைச் சேர்த்து அனுப்புமா?

இந்த டிரை டிராக் விஷயத்தைக் கட்டுரை ஒரு வார்த்தைகூடத் தொடவில்லை. ஆம்பும் பெட்டியும் சேருமுன், பிக்கப்பிலிருந்து வந்தபடியே பதிவாகிற தடம் அது. கேட்கச் சகிக்காது, ரப்பர் பேண்டைச் சுண்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் வீட்டில் பதிவு செய்கிறவனுக்கு அதுதான் விதைநெல். போன வருஷம் ஒரு தனி வாசிப்பு, பதினாறு பார் நீளம், எனக்கு அப்படி ஒருமுறைதான் வந்தது. மறுநாள் கேட்டால் கெயின், அதாவது கரகரப்பின் அளவு, அநியாயத்துக்கு அதிகம், சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. டிரை டிராக் இருந்ததால் அதை மாடலருக்கே திருப்பி அனுப்பி, கெயினைப் பாதியாக்கி, பெட்டியை மாற்றி மறுபடி பதிவு செய்துகொண்டேன். ரீஆம்ப் என்பார்கள். கை மீண்டும் அப்படி வாசிக்காது; முந்தைய நாளின் கையை வைத்துக்கொண்டு டோனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதை யு.எஸ்.பி.யிலேயே செய்ய விடுகிற கருவியில் பத்து ஆம்ப் இருந்தாலும் போதும் என்பேன். இன்னொரு சின்ன விஷயம்: அந்தத் தடத்தை மீட்டர் உச்சிக்கு ஏற்றிப் பதிவு செய்ய வேண்டாம். 24 பிட்டில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நின்றாலே தாராளம்.

காயில்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டுரைக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் கிட்டார் வயர் மிக்ஸரின் லைன் இன்புட்டில் செருகியிருந்தது. 8,000 சுற்றுக் காயிலுக்கு அது செய்கிற துரோகம். பிக்கப்புக்கு எதிரே சுமார் 1 மெகாஓம் தடை நிற்க வேண்டும். லைன் இன்புட்டில் பெரும்பாலும் 10 கிலோஓம் அளவில்தான் இருக்கும். பாரம் தாங்காமல் மேல் ஒலிகள் அங்கேயே படுத்துவிடும். அப்புறம் எந்த ஆம்ப் மாடலை வைத்து எழுப்பினாலும் எழாது. மாடலரின் கிட்டார் இன்புட் இதற்கென்றே செய்தது. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றால் ஹை இசட் அல்லது இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதியிருக்கும் ஓட்டையில் செருக வேண்டும், பொத்தான் இருந்தால் அதை அழுத்தியிருக்க வேண்டும்.

மாடலிங்கா, கேப்சரா என்ற சண்டைக்குக் கட்டுரையாளர் இரண்டு பத்தி கொடுத்திருக்கிறார். எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட், சிவப்பு நிறத்தில் அவரைக்கொட்டை வடிவத்தில் வந்த காலத்திலிருந்து ஒரு கூட்டம் ஆம்பின் சர்க்யூட்டைக் கணக்காக எழுதிப் பார்க்கிறது. கெம்பர் மாதிரி இன்னொரு கூட்டம் நிஜ ஆம்புக்குள் சோதனை ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அதன் சாயலைப் பிடிக்கிறது. முன்னது குமிழைத் திருகித் திருகிப் பார்க்கும் ஆசாமிக்கு. பின்னது பெரும்பாலும் போட்டோ மாதிரி, எடுத்த நேரத்தில் ஆம்ப் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில்தான் உண்மையாக இருக்கும். எனக்குத் தேவை மூன்று டோன். எதிலும் கிடைத்துவிடும்.

ஆனால் கணினியும் ஒரு நல்ல இன்டர்ஃபேஸும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவசத் திறந்தமூல மென்பொருளும் ஒரு இலவச ஐ.ஆர். லோடரும் இருக்கின்றன என்பதை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். காசு போடுமுன் அதில் ஒரு மாதம் வாசித்துப் பார்க்கலாமே. தந்தியைத் தட்டியபின் சத்தம் வரத் தாமதம் ஆகுமே என்பார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டு) என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி; போக வர எல்லாம் சேர்த்தாலும் பத்துக்குள் அடக்கிவிடலாம். ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தால் காற்றே 9 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது, அதற்கு யாரும் புகார் சொன்னதில்லை. நான் இன்னமும் தனிக் கருவியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. கணினியை முன்னால் வைத்தால் வாசிக்க உட்கார்ந்ததையே மறந்துவிடுகிறேன்.

கேட்கும் விதம் பற்றியும் கட்டுரையில் ஒன்றுமில்லை. ராத்திரி மெதுவாக வைத்து டோன் அமைத்தால், பாஸ் போதவில்லை என்று கை தானாக ஏற்றும். சத்தம் குறையும்போது காது கீழ் ஒலிகளை முதலில் கைவிடுகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்த டோனைப் பகலில் கொஞ்சம் சத்தமாகப் போட்டால் குழம்பிக் கிடக்கும். கிட்டாரின் ஆறாம் தந்தி சும்மா விட்டால் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மேஜை அதிர்வும் கை தட்டுவதும்தான். அங்கே வெட்டிவிடுகிறேன். ராத்திரி அமைத்த எதையும் பகலில் ஒருமுறை கேட்காமல் சேமிப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வழக்கம் வந்தபிறகு பிரீசெட் எண்ணிக்கை நாற்பதிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டது.

ஏழு மாதம் அலைந்தவன் கடைசியில் எந்தக் கருவிக்கு மாறினான் என்று கேட்பீர்கள். மாறவில்லை. அதே கருவிதான், அதே கிடங்குதான். அதில் இப்போது இரண்டு ஆம்பைத் தொடுகிறேன், நாலு பெட்டியைத் தொடுகிறேன். உங்கள் அட்டவணையில் அது மூன்றாவதாக இருக்கிறது.

அந்த அட்டவணையை வெட்டி, வலப்பக்கம் பென்சிலால் மூன்று கட்டம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்: வெளி ஐ.ஆர்., பெட்டி இல்லாத வெளியீடு, யு.எஸ்.பி. டிரை டிராக். என்னிடம் இருக்கும் கருவிக்கு மட்டும் நிரப்பியிருக்கிறேன். மற்றவை கட்டுரையாளர் கையில் இருந்திருக்கும், அவர் நிரப்பித் தந்தால் வெளியிடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியை 'கேபினெட் எஃபெக்ட்' என்று ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி எஃபெக்ட்களோடு சேர்த்து எண்ணியிருப்பதை அங்கிருந்து எடுத்துவிட்டால் மொத்தத்தில் ஒன்று குறையும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு கிட்டார்க்காரன்