போன் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்

தம்பி,

எடுத்தாலும் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஈமெயிலைத் தட்டிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஆபிஸ் பக்கமே போகவில்லை என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலையை விட்டதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தீபாவளிக்கு வந்தவன் தட்டில் கைவைத்தபடியே உன் மேனேஜரின் வாட்ஸ்அப்புக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், சோறு காய்ந்துபோய் எழுந்தாய். விட்டது சரி. விட்ட விதம்தான் எனக்குத் தூக்கம் வராமல் பண்ணுகிறது, ஏனென்றால் அது நான் செய்ததேதான்.

1991-ல் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஆப்பரேட்டராக இருந்தேன். பாத்ரூமுக்கு அதிக நேரம் போகிறேன் என்று சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினார். அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவள் மறுபடி போகவே இல்லை, ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை. நாலு நாள் ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் பார்த்தால் 19 நாள் சம்பளம் அங்கேயே கிடக்கிறது, போய்க் கேட்க வெட்கம். எனக்குப் பக்கத்தில் மைக்ரோஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தலையில் என் வேலையையும் கட்டிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேக்டரி பஸ் காலை ஆறேகாலுக்கு எங்கள் ஆயர் ஈத்தாம் ரோட்டில் வரும். அந்த நேரத்தில் ரொட்டி வாங்கக்கூட வெளியே போகமாட்டேன், ஒரு வருஷத்துக்கு மேல். சூப்பர்வைசருக்கு என் பெயர்கூட மறந்திருக்கும். நான் ஒளிந்தது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயந்துதான்.

உன் அக்கா லாயர் ஆபிஸில் கிராணியாக (கிளார்க்காக) இருப்பதால் எல்லாம் விசாரித்துவிட்டேன். வேலையை விட எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று கான்ட்ராக்டில் ஒன்றும் போடாவிட்டால்தான் மலேசியாவின் 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தின் கணக்கு வரும்: வேலை செய்தது இரண்டு வருஷத்துக்குக் குறைவு என்றால் 4 வாரம், ஐந்துக்குக் குறைவு என்றால் 6, அதற்கு மேல் 8. உன்னுடையதில் இரண்டு மாசம் என்று போட்டிருக்கிறதாம், சரி. ஆனால் அந்த இரண்டு மாசமும் போய் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டிப்போட முடியாது. அந்த இரண்டு மாசச் சம்பளத்தைக் கம்பெனிக்குக் கட்டிவிட்டால் அன்றைக்கே கிளம்பலாம், அவர்கள் உன்னை உடனே அனுப்பினாலும் இதே கணக்குதான். கட்டாமல், சொல்லாமல், இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து போகாமல் இருந்தால் ஒப்பந்தத்தை முறித்தவன் நீ என்று ஆகிவிடும். நோட்டீசுக்கு ஈடான பணத்தைக் கடைசிச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். ஈபிஎஃப், அதாவது உன் சேமநிதிப் பணத்தில், கைவைக்க முடியாது, அந்தப் பயம் வேண்டாம். அடி உதை, நோய் என்று உடம்புக்கே ஆபத்து வந்தால் நோட்டீஸ் இல்லாமல் விடலாமாம், கத்துகிற மேனேஜர் அதில் வரமாட்டார் என்கிறாள் அக்கா. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

எம்சி (டாக்டர் சர்டிபிகேட்) போட்டு இழுக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. லேப்டாப்பும் ஆக்சஸ் கார்டும் இன்னும் உன் அறையில்தான் இருக்கிறதாமே? நாளைக்கே கொண்டுபோய் எச்ஆரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. மேனேஜர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். மிச்சம் இருக்கிற லீவு நாட்களை நோட்டீசில் கழிக்கச் சொல்லிக் கேள், குறைத்துக்கொள்வார்களா என்றும் கேள், கேட்பதில் என்ன போகிறது.

அதற்கு முன்னால் ஒருவனுக்குப் போன் போடு. நோன்புப் பெருநாளுக்கு உன்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ரெண்டாங் கறி கட்டிக் கொடுத்தனுப்பினானே, அந்தப் பையன். மாசக் கடைசிக் கணக்கை இப்போது அவன் தனியாகத்தானே முடிக்கிறான்? எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்றாவது சொல்லிவிடு.

கட்டுவதற்குப் பணம் பத்தாவிட்டால் சொல். கூட்டு (சீட்டு) எடுத்ததில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) வைத்திருக்கிறேன், கூரைக்கு என்று வைத்தது, கூரை இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை, நீயே சொல். சனிக்கிழமை வருவதானால் பட்டர்வர்த்துக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் அனுப்பு, அவர் ஃபெரி ஏறி வந்து ஸ்டேஷனில் நிற்பார்.

அம்மா