பாரிஸ் பிஸ்ட்ரோ முதலாளிமாருக்கு: கராஃப் தண்ணீரை மேசையில் வையுங்கள்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். என் மகள் இதைப் பிரெஞ்சில் மாற்றித் தருவாள், அதுவும் உங்கள் கைக்கு வரும். தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் குசினிகளில் நின்று வெட்டுகிறவர்கள், பொரிக்கிறவர்கள், கோப்பை கழுவுகிறவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சிலர் இப்போது சொந்தமாக உணவகமும் நடத்துகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

போன மாதம் மகள் முதல் சம்பளம் எடுத்தாள். எல்லாரையும் தானே சாப்பிடக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தோசையும் கொத்துரொட்டியும் எந்த நாளும் சாப்பிடலாம்; அப்பா உள்ளே நின்று வேலை செய்த மாதிரியான ஒரு பிஸ்ட்ரோவில், அதாவது சின்னப் பிரெஞ்சு உணவகத்தில், அப்பா ஒருநாள் வெளியே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு வியாழக்கிழமை மதியம் பதினோராம் வட்டாரத்தில் ஒரு சின்ன இடத்துக்குப் போனோம். அம்மா, மனைவி, மகள், நான். கடையின் பெயரை எழுதமாட்டேன். ஒரு கடையோடு சண்டை பிடிக்க நான் வரவில்லை, இதே கதையைப் பல பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு அருமை. வாசலில் கரும்பலகை, சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: இரண்டு வகை 19 யூரோ, மூன்று வகை 23 யூரோ. அம்மாவுக்கு வினாகிரில் ஊறிய லீக்ஸ், பதமாக அவித்து, மேலே அவித்த முட்டையைத் துருவிப் போட்டிருந்தார்கள். அம்மா அதிகம் பேசமாட்டார், ஆனால் கோப்பையைப் பாண் துண்டால் துடைத்துச் சாப்பிட்டார். எனக்குத் தாராக்கால் கொன்ஃபி. தோல் மொறுமொறுவென்று, இறைச்சி எலும்பில் இருந்து தானாக விட்டது. அந்தப் பதத்துக்குக் கொழுப்பில் எத்தனை மணிநேரம் மெதுவாகக் கிடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பலகையில் எழுதியிருந்த ‘ஃபே மேசோன்’, கடையிலேயே சமைத்தது என்பது, உண்மைதான். அந்தச் செஃபுக்கு என் வணக்கம்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. சீனி, பிரஷர் இரண்டும் உண்டு. சாப்பாட்டுக்கு முன் இரண்டு குளிசை போட வேண்டும். உட்கார்ந்த உடனே ஒரு கராஃப், அதாவது கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர், கேட்டேன். ‘சாதாரணமா, காஸ் உள்ளதா?’ என்று கேட்டார் பரிமாறுகிறவர். போத்தல் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பத்து நிமிடம். பாண் வந்தது, தண்ணீர் வரவில்லை. திரும்பக் கேட்டேன். ‘இன்றைக்குக் குழாய் சரியில்லை, போத்தல்தான் இருக்கிறது’ என்றார். அம்மா குளிசைகளைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவை உள்ளங்கை வியர்வையில் கரைந்து ஒட்டத் தொடங்கிவிட்டன.

குசினிக் கதவு ஒவ்வொரு தடவை திறந்தபோதும் உள்ளே கோப்பை கழுவும் பொடியன் எனக்குத் தெரிந்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் தண்ணீர்த் துப்பாக்கி, முகமெல்லாம் ஆவி. நான் அந்த இடத்தில் பதினொரு வருடம் நின்றவன். குழாயில் தண்ணீர் இல்லாமல் ஒரு குசினி கால்மணி நேரம்கூட ஓடாது. கராஃப்கள் எந்தத் தட்டில் கவிழ்த்திருக்கும், எத்தனை விநாடியில் நிரம்பும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நூறு நிரப்பியிருப்பேன்.

மூன்றாம் தடவை கேட்க மகள் விடவில்லை. “அப்பா, விடுங்கோ” என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போத்தல் வந்தது, ஏழு யூரோ. நாலு பேருக்கு ஒன்று போதவில்லை, இன்னொன்றும் வந்தது. “தம்பி, இஞ்சை தண்ணிக்கும் காசோ?” என்று அம்மா கேட்டார். எங்கள் வீட்டில் படலை திறந்து யார் வந்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரியத்தைக் கேட்ட மனுஷி அவர். நான் என்ன பதில் சொல்ல?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. சாப்பாட்டோடு சாதாரணத் தண்ணீரும் பாணும் விலைக்குள் அடக்கம் என்பது 1967-இல் இருந்து இருக்கும் விதி. இலவசக் குடிதண்ணீர் கேட்கலாம் என்பதை உணவு அட்டையிலோ சுவரிலோ எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான் போன கடையில் அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். மதுவகைகளின் பட்டியல் மட்டும் இரண்டு பக்கம் இருந்தது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். சாப்பிட வந்து உட்காருகிறவர்களின் மேசையில், பாண் கூடை வைக்கும்போதே, ஒரு கராஃப் தண்ணீரும் வையுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகை, மின்சாரம், வெண்ணெய் விலை எல்லாம் ஏறிவிட்டன. 19 யூரோச் சாப்பாட்டில் பெரிய லாபம் இல்லை, குடிவகையில்தான் கடை நிற்கிறது என்று என் பழைய முதலாளி சொல்லுவார். சரி, வைன் விற்றுக்கொள்ளுங்கள், கோப்பி விற்றுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு விலையை ஒரு யூரோ கூட்டிப் பலகையில் நேராக எழுதினாலும் நான் வருவேன். குளிசை கையில் வைத்திருக்கும் ஒரு கிழவியிடம் குழாய் பழுது என்று பொய் சொல்லி அந்த ஒரு யூரோவை எடுக்காதீர்கள். பாரிஸ் குழாய்த் தண்ணீர் லீட்டருக்கு ஒரு சதம்கூட வராது.

அன்றைக்கு அது தண்ணீரோடும் முடியவில்லை. காசு கட்டும்போது அட்டை மெஷினை மகளிடம் நீட்டினார்கள். அதில் 10, 15, 20 சதவீதம் என்று மூன்று கட்டம். வேண்டாம் என்ற கட்டம் கீழே சின்னதாக. பரிமாறியவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் பலகையில் எழுதும் விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடக்கம். 1987-இல் இருந்து விதி அது. மனம் நிறைந்து மேசையில் நாலு காசு வைத்துவிட்டுப் போவது வேறு, நானும் வைத்திருக்கிறேன், எனக்கும் ஆட்கள் தந்திருக்கிறார்கள். முதல் சம்பளத்தோடு வந்த பிள்ளையை இப்படி நெருக்குவது வேறு. அவள் 15-ஐ அழுத்தினாள். அதில் எத்தனை சதம் உள்ளே நின்ற அந்தப் பொடியனின் கைக்குப் போயிருக்கும் என்று நான் கேட்கலாமா? 2009-இல் உணவகங்களுக்கான வரியை 19.6 சதவீதத்தில் இருந்து 5.5 ஆக அரசு குறைத்தபோதும், விலை குறையும், ஆட்களுக்குச் சம்பளம் கூடும் என்றுதான் சொன்னார்கள். அந்த வருடம் நான் உங்கள் குசினியில்தான் நின்றேன். என் சம்பளச் சீட்டில் ஒரு மாற்றமும் வரவில்லை.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்க வந்தது தண்ணீர்.

இந்த நகரத்துக்கு அது புதிதுமல்ல. 1870-71-இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டதற்குப் பிறகு நல்ல தண்ணீர் கிடைக்காமல் ஏழைகள் கஷ்டப்பட்டபோது, ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் காசில் தெருத்தெருவாகக் குடிதண்ணீர் ஊற்றுகள் வைத்தார். 1872-இல் தொடங்கிய அந்தப் பச்சை வார்ப்பிரும்பு ஊற்றுகளில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. முன்பு சங்கிலியில் தகரக் குவளையும் தொங்கியதாம், 1952-இல் சுகாதாரத்துக்காக எடுத்துவிட்டார்கள். நான் வந்த புதிதில், விசா இல்லை, சரியான வேலை இல்லை, கோடை நாட்களில் அந்த ஊற்றில் முகம் கழுவி, போத்தலில் பிடித்துக்கொண்டு வேலை தேடி நடந்திருக்கிறேன். யாரும் என்னிடம் காசு கேட்டதில்லை. தெருவில் ஒரு அகதிக்குச் சும்மா கிடைத்தது, முப்பது வருடம் கழித்து 19 யூரோ கொடுத்துச் சாப்பிட வந்த அவனுடைய தாய்க்குக் கிடைக்கவில்லை.

தயவுசெய்து உங்கள் பரிமாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். போத்தல் விற்கச் சொல்லி அவர்களை நெருக்காதீர்கள். அவர்களும் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள். அன்றைக்கு எங்களுக்குப் பரிமாறியவர் தன் விருப்பத்தில் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. உணவு அட்டையின் அடியில், சட்டம் சொல்லும் அந்த ஒரு வரியை எழுதுங்கள். மேசையில் கராஃபை வையுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு 77. அந்த லீக்ஸை இன்னொரு தடவை சாப்பிட வேண்டும் என்று கேட்கிறார். மகளோ அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். எப்படியும் சமாதானப்படுத்திக் கூட்டிவருவேன். நாலு பேர், மதியம் பன்னிரண்டரைக்கு.

மரியாதையுடன்,
பதினொரு வருடம் உங்கள் குசினியில் நின்ற ஒருவன்,
பாரிஸ்