திருப்பூர் பனியன் நிறுவன உரிமையாளர்களுக்கு: நல அலுவலரை அவர் வேலையைச் செய்ய விடுங்கள்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 500 தொழிலாளர் இருந்தால்தான் அவர்கள் நலனைக் கவனிக்க நல அலுவலர் வேண்டும் என்றிருந்த வரம்பு 250 ஆகிவிட்டது. உங்களில் பலர் இப்போதுதான் முதன்முறையாக இந்தப் பணிக்கு ஆள் எடுப்பீர்கள். எடுத்தவரை வருகைப் பதிவுக்கும் பையர் (துணி வாங்கும் நிறுவனம்) ஆடிட் ஃபைலுக்கும் மட்டுமே உட்கார வைத்துவிடாதீர்கள். இந்த வேலையில் பாதி, தொழிலாளியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா போயிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் செல்லும். கோயில் திருவிழா, அக்கா பிரசவம் என்று ஊருக்குப் போய்வந்தவர் 75 நாளில் நின்றுவிடுவார். பிப்ரவரியில் ஆபரேஷன் என்றால் அந்தத் தொகை கிடைக்காது. மூன்று நாள் குறைகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் எப்படியாவது வேலைக்கு வந்திருப்பார். ஆகவே ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் 78க்குக் கீழே நிற்பவர்களின் பட்டியலை எடுத்து, நேரில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு சம்பளப் பிரிவில் இருக்கிறது. அதைப் பார்க்கும் அனுமதியே பல நல அலுவலர்களுக்கு இல்லை!

குடும்பம் தர்மபுரியிலோ ஒடிசாவிலோ இருந்தால், அவர்களுக்கு அந்த ஊர்ப் பக்கத்து இ.எஸ்.ஐ. மருந்தகத்தையே தனியாகப் பதியலாம். சேரும் நாளிலேயே கேட்டால் முடிந்துபோகும்.

பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதியில், கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் கொடுத்த நாமினேஷன் (பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற பதிவு), கல்யாணம் ஆனதும் செல்லாது. இது பெரும்பாலானோருக்குத் தெரியாது. தொழிலாளி இறந்தால் பி.எஃப்.போடு சேர்ந்து வரவேண்டிய காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம், மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பத்திரிகை வைக்க வருகிறவரிடம் அப்போதே நினைவூட்டி, கல்யாணம் முடிந்து திரும்பிய வாரத்தில் இ-நாமினேஷனை மாற்றிவிட வேண்டும். ஆதாரோடு இணைந்த செல் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். சிம் மாற்றியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

இனி குழந்தைகள் காப்பகம். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்தே சட்டம். ஆனால் காப்பகத்தில் தொட்டில் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, குழந்தை இல்லை. காரணத்தைத் தாய்மார்களிடம் தேடாதீர்கள். ஷிப்ட் 8.30க்கு, காப்பகம் திறப்பது 9 மணிக்கு. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இரவு 8 மணி வரை, ஆயா 5.30க்கே கிளம்பிவிடுவார். இதைவிடப் பெரிய தடை பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. பால் கொடுக்கப் போகும் கால் மணி நேரத்தில் டெய்லருக்குக் கூலி போகிறது, பின்னால் பீஸ் குவிகிறது, சூப்பர்வைசர் முகம் மாறுகிறது. இரண்டாம் வாரம் குழந்தை ஊருக்குப் பாட்டியிடம் போய்விடும். அந்த நேரத்துக்கு அவருடைய சராசரி பீஸ் கூலியைக் கட்டிக்கொடுங்கள். ஒவ்வொரு தையல் லைனுக்கும் ஒரு மாற்று டெய்லரை வையுங்கள். காப்பகம் ஷிப்டுக்கு அரை மணி முன்பே திறந்து, கடைசித் தாய் கிளம்பியபின் மூடட்டும்.

இவற்றைச் சூப்பர்வைசர்களுக்கு உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள். நல அலுவலர் வாய்மொழியாகச் சொன்னால் லைனில் எடுபடாது. ஒழுங்கு நடவடிக்கை விசாரணையில் அவரை உட்கார வைக்காதீர்கள். காலையில் மெமோ கொடுத்தவரிடம் மாலையில் யாரும் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். கதவுள்ள ஓர் அறையும், ஷிப்ட் முடிந்தபின் வாரம் இரண்டு மாலையும் அவருக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
இந்தப் பணியில் இருக்கும் நல அலுவலர்கள் சிலர்