விடையைச் சொல்லாமல் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். செய்தி கேட்டதும் கூப்பிட்டு வாழ்த்தியவர்களுக்கு முதலில் நன்றி. ஆனால் வாழ்த்தை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. பரீட்சை அறையில் நான் தனியாக உட்கார்ந்தேனே தவிர, தனியாகப் படிக்கவில்லை. எனக்கு உதவியவர்களில் பாதிப் பேர் நான் கேட்டதைக் கொடுக்காமல் இருந்து உதவியவர்கள். அவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

விமானம் ஓட்டாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில். கோடை வந்தால் பசிபிக் கரையோரம் தாழ்மேகம் படரும். காலை வேளையில் மான்டரே, வாட்சன்வில் பக்கமெல்லாம் அதற்கு அடியில்தான் கிடக்கும். மேலே பளிச்சென்று வெயில் அடிக்கும், கீழே ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து ஓட்டும் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் அந்த மேகத்துக்குள் நுழையக் கூடாது. கருவிகளை மட்டும் பார்த்து, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரின் அனுமதியோடு அதைக் கடந்து இறங்குவதற்கான தகுதிதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அமெரிக்காவில் அதற்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும், அரசின் விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், அப்புறம் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் கொடுத்திருப்பார்கள். 70 சதவீதம் எடுத்தால் பாஸ்.

மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான பரீட்சை கிடையாது. நடப்பில் உள்ள கேள்விகளை எஃப்.ஏ.ஏ. வெளியிடுவதில்லை என்றாலும் மாதிரிக் கேள்வித் தொகுப்புகள் எத்தனையோ விற்கின்றன. பத்து முறை திருப்பிப் போட்டால் கேள்வியின் முதல் நாலு சொல்லைப் பார்த்ததுமே கை சரியான விடைக்குப் போய்விடும். அந்தத் தொகுப்புகளை நானும் பயன்படுத்தினேன், அதில் தப்பில்லை. ஆனால் ஏன் அதுதான் விடை என்று தெரியாமலே ஒருவர் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட முடியும். வாங்கிய பிறகு மேகத்துக்குள் போவார், கூட்டிப் போகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு. அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் பயிற்றுநர் அம்மையாருக்கும் அதே பயம். அவர் கையெழுத்து இல்லாமல் தேர்வு எழுத முடியாது, அந்தக் கையெழுத்தை அவர் லேசில் போடுகிறவர் இல்லை. மாதிரிக் கேள்வியைக் காட்டும்போது விடைகள் மூன்றையும் ஒரு தாளால் மூடிவிடுவார். "இப்போது சொல்லுங்கள்" என்பார். சொன்னால் "ஏன்?" என்பார். அதையும் சொன்னால் மார்க்கரைக் கையில் கொடுத்து, "வரைந்து காட்டுங்கள்."

அப்படி வரைந்த படங்களில் வேகமானியின் படம் எனக்குக் கடைசி வரை மறக்காது. கருவிக்குள் சின்னதாக ஓர் உலோகப் பை. முன்னால் இருக்கும் பிட்டோ குழாயில் மோதுகிற காற்றின் அழுத்தம் அந்தப் பைக்குள் போகிறது. சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் பைக்கு வெளியே, பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முள்ளை நகர்த்துகிறது. பனி உறைந்து குழாயின் வாயும் வடிகால் துளையும் அடைத்துக்கொண்டால் பைக்குள் பழைய அழுத்தம் மாட்டிக்கொள்ளும். விமானம் ஏற ஏற வெளியே அழுத்தம் குறையும், பை உப்பும், வேகம் கூடுகிறது என்று முள் காட்டும். நிஜத்தில் கூடியிருக்காது. முள்ளை நம்பி மூக்கைத் தூக்கினால் இருக்கிற வேகமும் போய் விமானம் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கைகள் அதைத் தாங்க முடியாமல் விழத் தொடங்கும்.

நான் இதைச் சரியாக வரைந்து முடித்ததும் அவர் ஒரு தேதியை எழுதினார்: 1974 டிசம்பர் 1. அன்று சாயங்காலம் நார்த்வெஸ்ட் ஓரியன்ட் நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று, பஃபலோவில் காத்திருந்த அமெரிக்க ஃபுட்பால் அணியை ஏற்றிவர நியூயார்க்கிலிருந்து பயணிகள் இல்லாமல் கிளம்பியது. பிட்டோ குழாயைச் சூடாக்கும் ஸ்விட்சைப் போடவில்லை. குழாய் உறைந்தது. ஏறும்போது முள் அசாத்திய வேகம் காட்ட, மூக்கை இன்னும் தூக்கினார்கள். விமானம் ஸ்டால் ஆகி விழுந்து, உள்ளே இருந்த மூவரும் இறந்துபோனார்கள். தேர்வில் இது ஒரே ஒரு கேள்வி. விடையின் எழுத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும், ஒரு மதிப்பெண் வந்துவிடும். அம்மையாரே, நீங்கள் எனக்கு அந்த எழுத்தைத் தரவில்லை, அந்தப் பையைப் புரியவைத்தீர்கள். மிக்க நன்றி.

அடுத்து, எங்கள் விமான நிலையத்தில் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வைத்திருக்கும் ஓய்வுபெற்ற கன்ட்ரோலர் பெரியவருக்கு. அந்தத் தேதியை அவரிடம் சொன்னேன். "காலையில் நடந்தது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அவரும் கதையைச் சொல்லவில்லை. விபத்து அறிக்கை பொதுவில்தான் இருக்கிறது, படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

படித்தேன். அதே நாள் காலை, வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்குப் போக வேண்டிய டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் பலத்த காற்றினால் அதே வட்டாரத்தில் உள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. அதுவும் போயிங் 727தான். ஓடுபாதைக்கு 44 மைல் தூரத்தில் இருந்தபோதே அப்ரோச்சுக்கு, அதாவது ஓடுபாதையை நோக்கிக் கருவிகளின் துணையோடு இறங்கி வருவதற்கு, அனுமதி வந்தது. அனுமதி வந்தாயிற்று, இனி இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டு 1,800 அடியை நோக்கி இறங்கினார்கள். அந்த உயரம் ஓடுபாதையை இன்னும் நெருங்கிய பிறகுதான் உரியது. நடுவில் வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலை இருந்தது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கன்ட்ரோலர் "அனுமதி" என்றால் மலையையும் அவர் பார்த்துக்கொள்வார் என்பது விமானியின் நினைப்பு. சார்ட்டில் (இறங்கும் வழியைக் காட்டும் வரைபடத்தில்) உள்ள உயரங்களை விமானி பார்த்துக்கொள்வார் என்பது கன்ட்ரோலரின் நினைப்பு. இதற்குப் பின்தான் சட்டம் தெளிவானது: ரேடார் வழிகாட்டலில் வரும்போதோ சார்ட்டில் இல்லாத பாதையில் வரும்போதோ அப்ரோச் அனுமதி கிடைத்தால், சார்ட்டில் வெளியிடப்பட்ட பாதைக்குள் சேரும் வரை கடைசியாகக் கொடுத்த உயரத்தை விடக் கூடாது. திரும்பிப் போனபோது பெரியவர் ஹேங்கர் மேசையில் ஒரு அப்ரோச் சார்ட்டை விரித்து, பென்சில் முனையை ஒவ்வொரு கோடாக வைத்து, "இங்கே அனுமதி வந்துவிட்டது. எவ்வளவு இறங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி இடங்களில் சரியான பதில் "இறங்கக் கூடாது" என்பதுதான்.

அந்த விபத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே மாதிரி தாழப் பறந்து தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது, மற்றவர்களுக்குச் செய்தி போகவில்லை. விமானிகள் தங்களுக்கு நேர்ந்ததைப் பயமின்றி எழுதி அனுப்ப நாசா நடத்தும் அறிக்கை ஏற்பாடு 1976இல் தொடங்கியதற்கு இந்தத் துயரமும் ஒரு காரணம். நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பிய முகம் தெரியாத விமானிகளுக்கும் என் நன்றி. அந்த அறிக்கைகளைப் படித்துத்தான் பல விதிகள் எனக்கு விளங்கின. இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் ஹேண்ட்புக் என்ற பாடநூலை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கும்படி வைத்திருக்கும் எஃப்.ஏ.ஏ.வுக்கும் நன்றி. காசு கொடுத்து வாங்கிய எதுவும் எனக்கு அந்த அளவுக்கு உதவவில்லை.

அம்மாவுக்கு. ஊரிலிருந்து போனில், "மேகத்துக்குள்ள போனா ஒண்ணும் தெரியாதே, விமானம் சாயுறது உடம்புக்காவது தெரியாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. காதுக்குள் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, திரும்பத் தொடங்கும்போது திரவம் பின்தங்குவதால்தான் திரும்புவதை உணர்கிறோம், ஒரே சீராகச் சுமார் 20 விநாடி திரும்பினால் திரவமும் கூடவே சுழலத் தொடங்கி உணர்வு நின்றுவிடும் என்று ஹேண்ட்புக்கில் படித்ததைச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "தட்டாமாலை சுத்தி நின்னா உலகம் எதிர்ப்பக்கம் சுத்துமே, அதுதானே?" என்றாள். அதேதான். சாய்ந்த விமானத்தை நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது போல் இருக்கும், அதை நம்பிப் பழைய சாய்வுக்கே திரும்பினால் விமானம் சுருள் வட்டத்தில் கீழே போகும். 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வைத்துச் சோதித்தார்கள். வெளியே பார்க்க முடியாத நிலையில் 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். அம்மா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நல்லாப் படி" என்றாள். அதன் பிறகு வாராவாரம் ஒரு பாடத்தை அம்மாவுக்குச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவளுக்கு விளங்கவில்லை என்றால் எனக்கும் விளங்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நூலகத்தில் கூடிய படிப்புக் குழுவுக்கு எப்படி நன்றி சொல்வது? நமக்குள் ஒரே ஒரு விதிதான் இருந்தது. சரியான விடையைச் சொல்பவர், மற்ற இரண்டும் ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். போகும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் போக முன்கூட்டியே குறிக்கும் மாற்று விமான நிலையம் பற்றிய விதியில் ஒரு சாயங்காலமே போனது, ஞாபகம் இருக்கிறதா? அப்ரோச் வசதி உள்ள விமான நிலையத்தில், இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பிருந்து ஒரு மணி பின்பு வரை மேகத்தளம் 2,000 அடிக்கும் பார்வைத் தூரம் 3 மைலுக்கும் குறையாது என்று முன்னறிவிப்பு இருந்தால் மாற்று குறிக்கத் தேவையில்லை. அதுவரை எல்லோருக்கும் தெரியும். நம்மில் ஒருவர்தான் கேட்டார்: "மான்டரேக்கு மாற்றாக சலினாஸைக் குறிக்கிறாய். முன்னறிவிப்பு நன்றாக இருக்கிறது, சட்டம் ஒத்துக்கொள்கிறது. அந்த மேகம் மான்டரேயோடு நின்றுவிடுமா?" நிற்காது. அதே கடல் மேகம் அதே பள்ளத்தாக்கு வழியாக சலினாஸுக்கும் வரும். மலையைத் தாண்டி உள்ளே ஓர் இடத்தைக் குறித்து, அங்கே போய்ச் சேரவும் அதற்கு மேல் 45 நிமிடம் பறக்கவும் எரிபொருள் வைத்திருப்பதுதான் புத்தி. இது எந்தக் கேள்வித் தொகுப்பிலும் இல்லை.

நம் குழுவில் முதலில் தேர்வு எழுதிவிட்டு வந்த அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. அடுத்து எழுதப் போகிறவர்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அறை குளிராக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள் என்றார். ஒரு கேள்வியைக்கூட வெளியே விடவில்லை. வேறோர் இடத்தில், நினைவிலிருந்து எழுதியது என்று சொல்லி ஒருவர் கேள்விகளின் பட்டியலை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை என்றால், அதற்கு அக்கா ஒரு காரணம். தேர்வில் முறைகேடு செய்து பிடிபட்டால் ஓராண்டுக்கு எந்த உரிமத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது, கையில் இருப்பதும் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. அக்கா அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர் இல்லை. நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும் என்று விரும்பினார்.

தேர்வு மையத்தில் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, கால்குலேட்டரின் நினைவகத்தை அழித்துக் காட்டச் சொல்லி, எழுதிப் பார்க்கக் கொடுத்த தாள்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்ட பெண்மணிக்கும் நன்றி. இவ்வளவு கறாரையும் சிரித்த முகத்தோடு செய்ய முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மதிப்பெண் தாளில், விட்ட கேள்விகள் எவை என்று இருக்காது. எந்தப் பகுதியில் விட்டோம் என்ற குறியீடுகள் மட்டும் இருக்கும். செய்முறைத் தேர்வுக்கு முன் அந்தப் பகுதிகளைப் பயிற்றுநர் திரும்பச் சொல்லித்தர வேண்டும், தேர்வாளரும் வாய்மொழியில் அவற்றைக் கேட்பார். அம்மையார் ஏற்கெனவே வெள்ளைப் பலகையைத் துடைத்து வைத்துவிட்டார். எழுத்துத் தேர்வு முடிவு 24 மாதம் செல்லும், ஆனால் எனக்கு அவ்வளவு காத்திருக்க மனமில்லை.

சனிக்கிழமை காலைகளில் வீட்டையும் பிள்ளைகளையும் முழுசாக ஏற்றுக்கொண்டு, ஒரு முறைகூட "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்காத என் கணவருக்கு, இங்கே எழுதுவதைவிட நேரில் சொல்ல நிறைய இருக்கிறது.

என் குறிப்பேடுகளையும் வரைந்த படங்களையும் படிப்புக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்து எழுதப் போகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஹோல்டிங்கில் (காத்திருந்து சுற்றும் பாதையில்) எந்த வழியாக நுழைவது, ஆல்டிமீட்டர் குளிரில் உயரத்தை ஏன் கூடுதலாகக் காட்டுகிறது என்று எங்கே சிக்கினாலும் கூப்பிடுங்கள். உட்கார்ந்து வரைந்து பார்ப்போம். மார்க்கர் உங்கள் கையில்தான் இருக்கும்.

நன்றியுடனும் அன்புடனும்,
குழுவில் ஒருத்தி
சான் ஹோசே