சனிக்கிழமை பாங்காக் சந்தை நடை (நம்ம குமரி மாவட்டக்காரர்கள் கவனத்துக்கு)

மக்களே, வணக்கம். மாலுக்குள் ஏசியில் சுற்றியது போதும், இந்த முறை தெருச் சந்தை. வரும் 14ஆம் தேதி சனிக்கிழமை காலை 7 மணி, சனாம் சாய் மெட்ரோ வாசல்.

1. முதலில் பாக் க்ளோங் தலாட் பூச்சந்தை. 24 மணி நேரமும் நடக்கும். மல்லிகையும் செவ்வந்தியும் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் நம்ம தோவாளைப் பூச்சந்தை ஞாபகம் வராமல் இருக்காது, ஆனால் பிச்சிப்பூ எங்கே என்று என்னைக் கேட்கக் கூடாது.

2. அப்புறம் நடந்தே பாஹுராட் துணிக்கடைகள், சாம்பெங் சந்து. சந்து ரொம்பக் குறுகல், தள்ளுவண்டி நடுவே வரும், பிள்ளைகள் கையை விடாதீர்கள். மொத்த விலைக் கடைகள், மூன்றாக எடுத்தால் பல இடங்களில் விலை குறையும், சேர்ந்தே வாங்குவோம்.

3. கையில் கொண்டு வர வேண்டியவை: சில்லறை பாட் (தாய்லாந்துப் பணம்), தண்ணீர், துணிப்பை.

எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கே போடுங்கள். வெறும் கட்டைவிரலைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.